ரெட்டைக்கொக்கு கம்பெனியின் புகார்ப் பொம்மை

மனிதர்கள் புகார் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத ரெட்டைக்கொக்கு மசாலா கம்பெனி, புகார் சொல்வதற்கென்றே ஒரு பொம்மையை விலை கொடுத்து வாங்கியது. வாங்காமல் என்ன செய்யும்? அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டுவிட்டது. ஓரளவு ஆள் வேலை பார்க்கிற இடங்களில் எல்லாம் 'புகார்த் துணைவர்' இருந்தே ஆக வேண்டும். மேலே இருப்பவர் ஏசினார், கூட இருப்பவன் கேலி செய்தான், ஒதுக்கி வைத்தான், கையைப் பிடித்து இழுத்தான் என்று யார் வந்து சொன்னாலும் உட்கார வைத்துக் கேட்டு, ஒரு வழி செய்ய வேண்டும். அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பழகிப் பார்க்க மனிதர்கள் கிடைப்பார்களா? தன் மனக்குறையை யார் இரவல் கொடுப்பார்கள்? ஆகவே பொம்மை.

அது ஆளைப் போலவே உட்காரும், பேசும், குரல் கம்மி அழும். எதிரே இருக்கிறவர் குறுக்கே பேசுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா, கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்று கவனித்து, முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். முகம் வைத்த பொம்மை ஒரு விலை, முகம் இல்லாதது அதில் பாதி. விருதுநகரில் மூன்று தலைமுறையாக மிளகாய் விற்கிற குடும்பம் எதை வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"புகார் சொல்றதுக்கு மூஞ்சி எதுக்குய்யா? குரல் பத்தாதா?" என்றார் முதலாளி ரத்தினவேல்.

வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு கேன்டீன் அக்கா சாம்பார் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கழுத்துக்கு மேலே முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது, வேறொன்றும் இல்லை. பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த ஆக்னஸ் என்ற பெண்தான் ஒரு யோசனை செய்தாள். மிளகாய்ப் பிரிவு ஆட்கள் போடும் உடுப்பை அதற்கு மாட்டிவிட்டாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை அங்கி, தலைமூடி, தவளைக்கண் மாதிரி பெரிய கண்ணாடி, ஸ்பீக்கர் வைத்த முகமூடி. அந்தப் பிரிவில் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள். மிளகாய்த் தூள் காற்றில் பறக்கிற இடத்தில் பெற்ற தாய் வந்து நின்றாலும் பிள்ளையை அடையாளம் தெரியாது.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேரில் முதல் பெயர் பவுன்ராஜுடையது. டெஸ்பாட்ச் மேனேஜர். கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் பவுன்ராஜ் அண்ணாச்சி. பிறர் குறை கேட்பதில் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. வருகிற பொங்கலோடு ஃபேக்டரி மேனேஜர் ஓய்வு பெறுகிறார். "பரீட்சையில தொண்ணூறுக்கு மேல யார் எடுக்காகளோ அவுகளுக்குத்தான் அந்த நாற்காலி" என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலி கொஞ்சம் கடினமானது என்று கேள்விப்பட்டு, பவுன்ராஜ் அதற்கு அளவு பார்த்து மெத்தையே வாங்கி வீட்டில் வைத்துவிட்டார். அவர் மனைவி ஜெயக்கொடி சிவகாசி வரைக்கும் சொந்தக்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.

பவுன்ராஜின் பெருமை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அனுப்பிய லோடு ஒன்றுகூட சகுனத் தடையோடு கேட்டைத் தாண்டியது கிடையாது. லாரிகளுக்கு டிரைவர் இல்லாமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தானே ஓடி, தானே சரக்கை இறக்கி, தானே திரும்பி வரும். ஆனாலும் காலை முதல் லோடு கிளம்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் பவுன்ராஜ் விடமாட்டார். யாராவது தும்மிவிட்டால் லாரி நிற்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது டிரைவர்கள் இருந்த காலத்து வழக்கம். டிரைவரும் இல்லை, தண்ணீர் குடிக்க வாயும் இல்லை என்று அவர் சும்மா விட்டுவிடவில்லை. ஆள் பிடித்து லாரிக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார். தும்மல் கேட்டால் லாரி அப்படியே நிற்கும், அவர் குரலிலேயே பேசும், அவர் வாயால் 'கிளம்பு' என்று சொன்னால்தான் நகரும்.

மிளகாய் அரைக்கிற கம்பெனியில் தும்மல் கேட்டு நிற்கிற லாரி! எப்படி இருக்கும்? ஆரம்பத்தில் முதல் லோடு மத்தியானம்தான் கிளம்பியது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். மிளகாய்ப் பிரிவு சூப்பர்வைசர் கனிராஜ், ஜெயக்கொடியின் சொந்தத் தம்பி. பவுன்ராஜே சேர்த்துவிட்ட ஆள்தான். அவனைக் கூப்பிட்டு, "மாப்ளே, லோடு கிளம்புற நேரத்துல தும்முற ஆளுக யாரும் வாசப்பக்கம் வரக் கூடாது, பாத்துக்க" என்றார். அதோடு மறந்தும் போனார்.

முதல் நாள் ஆக்னஸ் பொம்மையை இயக்கிக் காட்டினாள். இரண்டாம் நாள் பவுன்ராஜின் முறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆக்னஸ். இந்தப் பக்கம் ஒரு மேஜை, எதிரே வெள்ளை அங்கியில் பொம்மை.

"சொல்லுப்பா, என்ன உன் பிரச்சினை?" என்றார், கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே.

"சார்... எங்க சூப்பர்வைசர், நான் பேசுற மாதிரியே ஸ்பீக்கர்ல பேசிக் காட்டுறாரு. முகமூடிக்குள்ள எல்லார் காதுலயும் கேக்கும். நாள் பூராவும்..."

கீச்சென்று அத்தனை மெல்லிய குரல். பவுன்ராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா ஆக்னசு! மூஞ்சிதான் பாதி விலைன்னா, குரலையும் பாதி விலைக்குப் போட்டுட்டானா உங்க கம்பெனிக்காரன்?" என்று கண்ணாடிப் பக்கம் கத்தினார். பிறகு பொம்மையைப் பார்த்து, "இந்தக் குரலை வச்சுக்கிட்டா நானே பேசிக் காட்டுவேன்ப்பா. நாலு பேர் இருக்கிற இடம்னா கேலி கிண்டல் இருக்கத்தான் செய்யும். அனுசரிச்சுப் போ. என்ன?" என்றார்.

பொம்மை தலையை ஆட்டியது. "சரி சார்" என்றது.

கதவுக்கு மேலே இருந்த பலகையில் மார்க் எரிந்தது. பதினொன்று.

"பதினொண்ணா? இதுக்கு என்ன தெரியும், பிளாஸ்டிக் முண்டம்!" என்று பவுன்ராஜ் குதித்தார். மற்ற நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண் முன்னே மெத்தை பறந்து போவது மாதிரி இருந்தது அவருக்கு. தனியாக ஆக்னஸைப் பிடித்து, "என்னதான் செய்யணும், அதைச் சொல்லிக் குடும்மா" என்று கேட்டார்.

"மொதல்ல வாயை மூடிக்கணும் சார்" என்றாள் ஆக்னஸ்.

"என்னது?"

"கோவிச்சுக்காதீங்க. அவ்வளவுதான் பாடமே. நீங்க பேசாம இருந்தா அவங்க பேசுவாங்க. முழுசாச் சொல்லி முடிச்சப்புறம், 'நான் என்ன செஞ்சா உங்களுக்கு நல்லதுன்னு நினைக்கீங்க?'ன்னு கேளுங்க. செய்ய முடிஞ்சதைச் சொல்லுங்க. சொன்னதைச் செய்யுங்க."

ஐம்பது வயதுக்கு மேல் வாயை மூடப் பழகுவது லேசான காரியமா? பவுன்ராஜ் வீட்டில் பழகினார். மிக்சி சரியாக அரைக்கவில்லை என்று ஜெயக்கொடி ஆரம்பித்தாள். வழக்கமாக 'சரி விடு' என்று எழுந்து போகிறவர் அன்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிக்சியில் ஆரம்பித்த பேச்சு, கல்யாணத்தன்று அவருடைய பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தையில் வந்து நின்றது. "நான் என்ன செஞ்சா உனக்கு நல்லதுன்னு நினைக்கிற?" என்று கேட்டார் பவுன்ராஜ். ஜெயக்கொடி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மறுநாளே மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது.

ஆனால் மார்க் ஏறியது. முப்பது, ஐம்பது, எழுபத்தைந்து. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரலில் பொம்மை வந்தது. என்னமாய்ச் செய்திருக்கிறார்கள் என்று பவுன்ராஜ் வியந்து போனார். மூக்கை உறிஞ்சுகிற இடமும், தண்ணீர் கேட்கிற இடமும் அச்சு அசல் மனுஷன்தான்.

இதற்கு நடுவில் ஒருநாள், மிளகாய்ப் பிரிவில் சல்லடை வேலை பார்த்த அருள்தாஸ் என்பவன் டிபன் கேரியரோடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். கணக்கை முடித்துக்கொண்டு போகிறான் என்று யாரோ சொன்னார்கள். "என்னப்பா, வேற நல்ல இடம் கிடைச்சிருச்சா? நல்லா இரு" என்றார் பவுன்ராஜ் பெருந்தன்மையாக. அவன் நின்று அவரைப் பார்த்தான். கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

கடைசிப் பரீட்சை ஒரு புதன்கிழமை. பவுன்ராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொம்மை முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க. பேர் சொல்ல வேண்டாம். அவசரம் ஒண்ணும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பெண்குரல். "மூணு வருஷமா மிளகாய் செக்‌ஷன்ல இருக்கேன் சார். மத்தவுகளுக்கு நாலஞ்சு மாசத்துல தும்மல் நின்னுரும். எனக்கு மட்டும் நிக்கவே இல்ல. முகமூடி போட்டாலும் வருது. நான் தும்முனா சூப்பர்வைசர் மைக்கைப் போட்டு கிரிக்கெட் கமெண்ட்ரி சொல்வாரு. 'இதோ ஓடி வர்றா... வந்துட்டா... சிக்ஸர்!' எல்லார் காதுலயும் கேக்கும். எல்லாரும் சிரிப்பாக. மொதல்ல நானும் சிரிச்சேன் சார்."

பவுன்ராஜ் குறுக்கே பேசவில்லை. அந்தக் கடைசி வார்த்தை அவர் நெஞ்சில் எங்கோ போய் உட்கார்ந்தது.

"காலையில லோடு கிளம்புறப்ப என்னையச் சாக்கு ரூமுக்குள்ள விட்டு வெளியே பூட்டிருவாரு. லாரி கேட்டைத் தாண்டுனப்புறம்தான் திறப்பாரு. ஒருநாள் மறந்துட்டாரு. நானும் தட்டித் தட்டிப் பாத்தேன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சப்பதான் அவருக்கு ஞாபகம் வந்துச்சாம். அதுக்கும் கமெண்ட்ரி சொன்னாரு."

"பூட்டி வைக்கிறதா!" பவுன்ராஜுக்குப் பொம்மை என்பதே மறந்துபோய் ரத்தம் கொதித்தது. "மனுஷியச் சாக்கோட சாக்காப் போட்டுப் பூட்டுறதா? எந்த மடையன் சொல்லி இதைச் செய்றான் அவன்?"

பொம்மை தலையைக் குனிந்துகொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆக்னஸ் எழுந்து நின்றாள்.

"டெஸ்பாட்ச்ல இருந்து உத்தரவுன்னு சொன்னாரு சார்."

அட, கெட்டிக்காரப் பசங்களா! நம்ம கம்பெனி விவரத்தையே உள்ளே ஊட்டிவிட்டிருக்கிறார்கள் என்று பவுன்ராஜுக்குப் புரிந்துபோனது. தன் தப்பை ஒத்துக்கொள்கிறானா, மழுப்புகிறானா என்று பார்க்கிறார்கள். இங்கேதான் பத்து மார்க் இருக்கிறது. விடுவாரா?

"அந்த மடையன் நான்தாம்மா" என்றார் கம்பீரமாக. "தும்முறவுகளை வாசப்பக்கம் விடாதேன்னு நான் சொன்னது வாஸ்தவம். அதை அவன் எப்படிச் செய்றான்னு நான் ஒருநாளும் போய்ப் பாக்கல. தப்பு என் மேலயும்தான். சொல்லும்மா, நான் என்ன செஞ்சா உனக்கு நல்லதுன்னு நினைக்கிற?"

"வர்ற வெள்ளிக்கிழமையோட என்னைய வேலையில இருந்து நிப்பாட்டப் போறாராம் சார். தும்முற ஆளு மிளகாய் கம்பெனிக்கு லாயக்கில்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கேன். வேலை போகாம இருந்தாப் போதும். அந்த ரூமுக்குள்ள மட்டும் என்னையப் பூட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"இவ்வளவுதானா? நான் சொல்றேன், எழுதிக்கோ. உன் வேலை எங்கயும் போகாது. அந்த சூப்பர்வைசர் எவனா இருந்தாலும் சரி, நாளையில இருந்து மிளகாய் செக்‌ஷன் வாசலை மிதிக்க மாட்டான். நாளைக்குக் காலையில மொத லோடு கிளம்பும்போது நீ என் பக்கத்துல நிக்கிற. எத்தனை தும்மல் வேணும்னாலும் தும்மிக்கோ. இது என் பிள்ளைக மேல சத்தியம்."

பொம்மையிடம் தாராளமாக இருப்பதில் என்ன கஷ்டம்! பவுன்ராஜ் நிமிர்ந்து மார்க் பலகையைப் பார்த்தார். எரியவில்லை. பொம்மையைப் பார்த்தார். அதன் பெரிய கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி படிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் மேல் படிவது மாதிரி. தோள் குலுங்கியது, தலை பின்னால் போனது, போன வேகத்தில் முன்னால் வந்தது.

"ஹச்சூ!"

மேஜை மேல் இருந்த காகிதம் பறந்தது. முகமூடி நழுவி மோவாயில் தொங்கியது.

"ஆக்னசு!" என்று அலறினார் பவுன்ராஜ். "இது தும்முது! ஏம்மா, பொம்மை தும்முமா?"

முகமூடிக்குள் இருந்தது ஒரு பெண்ணின் முகம். முப்பது வயது இருக்கும், மூக்கு சிவந்திருந்தது. அழுது, துடைத்து, மறுபடியும் அழுத கண்கள். "என் பேரு மாரீஸ்வரி சார்" என்றாள் அவள்.

ஆக்னஸ் ஓடி வந்தாள். விஷயம் மளமளவென்று வெளியே வந்தது. இரண்டாம் நாள் காலையிலேயே பொம்மையின் மண்டைக்குள் மிளகாய்த் தூள் போய் அது செத்துவிட்டது. மாற்றுப் பொம்மை வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சொன்னால் ஆக்னஸுக்கு வேலை போய்விடும். அன்றைக்கே பொம்மைக்கு மாட்டிய உடுப்பைத் துவைக்கக் கொண்டுபோனபோது மிளகாய்ப் பிரிவு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்: 'அந்த ரூம்ல உக்காந்தா, நாம சொல்றதைக் குறுக்க பேசாமக் கேப்பாகளாமே? உண்மையாவா?'

"வேற எங்கயும் கேக்க மாட்டேங்காக சார்" என்றாள் மாரீஸ்வரி. "நாங்களா வந்தா 'அப்புறம் வா'ன்னு சொல்வீக. பொம்மைன்னா கவனமாக் கேக்கீக. அதான் ஆளுக்கு ஒரு நாளா வந்து உக்காந்தோம்."

"அப்ப மார்க்கு?"

"நாங்கதான் போட்டோம். மேஜைக்கு அடியில பொத்தான் வச்சிருக்கு."

பவுன்ராஜ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முப்பது, ஐம்பது, எழுபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு, ஒரு முகம். அப்படியே பின்னால் போய் இரண்டாம் நாளில் வந்து முட்டிக்கொண்டார்.

"பதினொண்ணு போட்டது யாரு?"

ஆக்னஸ் தரையைப் பார்த்தாள். "அருள்தாஸ் அண்ணன்" என்றாள் மாரீஸ்வரி. "நீங்க அனுசரிச்சுப் போகச் சொன்னீகளாம். ரெண்டு வாரம் அனுசரிச்சாரு. அப்புறம் முடியல."

டிபன் கேரியரும் கையுமாகக் கேட்டில் நின்ற முகம் பவுன்ராஜின் கண்ணுக்குள் வந்தது. குரலைப் பாதி விலைக்குப் போட்டுட்டானா என்று தான் கத்தியது காதில் கேட்டது.

"எனக்கு இன்னைக்கு எத்தனை போடப்போற?" என்று கடைசியில் கேட்டார்.

"தொண்ணூத்தெட்டு சார்."

"ரெண்டு ஏன் குறையுது?"

"நாளைக்குக் காலையிலதானே தெரியும்" என்றாள் மாரீஸ்வரி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கனிராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து அக்கா சுட்ட பணியாரத்தை விழுங்கிக்கொண்டிருந்தான். "என்ன அத்தான், நாற்காலி உறுதியாயிருச்சா?" என்றான்.

"மாப்ளே, அந்தப் பொண்ணு தும்முனா மைக்குல கமெண்ட்ரி சொல்றியாமே?"

"அதுவா? சும்மா ஜாலிக்கு அத்தான். வேலை அலுப்புத் தெரியாம இருக்கும்ல? எல்லாரும் சிரிக்காக."

"அவ சிரிக்காளா?"

கனிராஜ் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "மொதல்ல சிரிச்சா" என்றான்.

"நாளையில இருந்து நீ என்கிட்ட டெஸ்பாட்ச்ல லேபிள் ஒட்டுற. மைக் கிடையாது. ஆளுகளை மேய்க்கிற வேலையும் கிடையாது."

பணியாரம் தட்டில் விழுந்தது. ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து வந்து, கரண்டியோடு இடுப்பில் கை வைத்து நின்றாள். "என் தம்பியை லேபிள் ஒட்ட விட்டீகன்னா இந்த வீட்டுல உங்களோட எனக்குப் பேச்சு கிடையாது" என்றாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள். பாடுபட்டு வாயை மூடவும் காதைத் திறக்கவும் கற்றுக்கொண்ட மனிதருக்கு, வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனது.

மறுநாள் காலை. கொச்சிக்குப் போகிற லோடு. லாரி குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முதலாளி ரத்தினவேல் கற்பூரத் தட்டோடு வந்தார். வந்தவர் பவுன்ராஜின் பக்கத்தில் வெள்ளை அங்கியில் முகமூடி இல்லாமல் நிற்கிற பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கம்பெனியே வாசலில் கூடியிருந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

மாரீஸ்வரி மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பயமா இருக்கு சார்" என்றாள்.

"வந்தா வரட்டும், அடக்காதே" என்றார் பவுன்ராஜ். அவருக்கும் பயம்தான். முப்பது வருஷத்துப் பழக்கம், லேசில் போகுமா?

லாரி உறுமியது. "ஹச்சூ!" என்றாள் மாரீஸ்வரி.

லாரி நின்றது. "தும்மல் கேட்டது. சகுனம் சரியில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரவும்" என்றது பவுன்ராஜின் குரலில்.

"கிளம்பு" என்றார் பவுன்ராஜ்.

நகர்ந்தது. "ஹச்சூ!" நின்றது. "தும்மல் கேட்டது..."

"கிளம்புங்கேன்ல!"

"ஹச்சூ! ஹச்சூ!"

"தும்மல் கேட்டது. தும்மல் கேட்டது. யாருய்யா அது, விளங்காத மூக்கு?" என்றது லாரி. அப்படி ஒரு வசனத்தையும் என்றைக்கோ தானே பேசிப் பதிந்து வைத்தது பவுன்ராஜுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாரீஸ்வரியின் முகம் சுருங்கியது. பார்த்தார் பவுன்ராஜ். வேட்டியை மடித்துக் கட்டினார், லாரியின் முன்பக்கம் ஏறினார். கண்ணாடிக்குக் கீழே கறுப்பாகக் குமிழ் மாதிரி இருந்த அதன் காதைத் திருகு திருகென்று திருகிப் பிடுங்கி எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"இப்பத் தும்மும்மா" என்றார்.

தும்மினாள். காதோடு சகுனமும் போய்விட்டதால், லாரி பாட்டுக்குக் கிளம்பி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கேட்டைத் தாண்டிப் போனது. மிளகாய்ப் பிரிவு ஆட்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் ஆசைக்குத் தாங்களும் தும்மிப் பார்த்தார்கள்.

முதலாளியின் கற்பூரம் அணைந்து போயிருந்தது. தன் அறைக்குள் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். "பொம்மைகிட்ட நல்லாக் கேட்டு மார்க் வாங்குங்கன்னுதானே சொன்னேன்? மனுஷங்க சொல்றதைக் கேக்கச் சொல்லி யாருய்யா சொன்னா? பொம்மையே இல்லாத பரீட்சை. உம்ம சர்டிபிகேட் செல்லாது!"

ஆக்னஸ் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "செல்லாதுன்னா, இந்தக் கம்பெனியில புகார்த் துணைவரே கிடையாதுன்னு நான் அரசாங்கத்துக்கு எழுதணும் முதலாளி. அவங்க நேர்ல வந்து எல்லாரையும் விசாரிப்பாங்க. அந்தச் சாக்கு ரூமையும் பாப்பாங்க."

முதலாளி ஃபேனைப் பார்த்தார், சுவரில் மாலையோடு தொங்கிய தாத்தா படத்தைப் பார்த்தார். "சரி, செல்லும்" என்றார். "அந்தப் பொண்ணு இருந்துட்டுப் போகட்டும். கனிராஜும் லேபிள் ஒட்டட்டும். ஆனா பவுன்ராஜ், நீர் துணைவரா மட்டும் இரும். அந்த நாற்காலிப் பக்கம் வந்துராதேயும்."

நாற்காலி கணக்குப் பிரிவு தனசிங்குக்குப் போனது. அவர் பயிற்சிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். லாரி கொச்சிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அன்று முதலாளி அறையைவிட்டு வெளியே வந்த பவுன்ராஜிடம் மாரீஸ்வரி, "நூறு சார்" என்றாள். அவருக்கு அழுகை வரும் போல் இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த நூறு, பழைய பதினொன்றை ஒன்றும் செய்யவில்லை.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் அருள்தாஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தான். கடை முழுக்க ஒரே சத்தம். "மூணு பரோட்டா", "சால்னா ஊத்து" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியே வேலையை முடித்தான். பவுன்ராஜைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"அந்தப் பரீட்சையைத் திருப்பி எழுத வந்திருக்கேன்ப்பா" என்றார் பவுன்ராஜ். "அன்னைக்கு நான் பேசுனது பெரிய தப்பு. பொம்மைன்னு நினைச்சுப் பேசிட்டேன்னு சொல்ல மாட்டேன். பொம்மைகிட்டகூட அப்படிப் பேசக் கூடாதுதான்."

அருள்தாஸ் தோளைத் தூக்கி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஒரு பெஞ்சைக் காட்டினான். கூட்டம் குறையும்வரை பவுன்ராஜ் காத்திருந்தார். பெஞ்சு கரடுமுரடாக இருந்தது. ஓரத்தில் ஒரு ஆணி வேறு.

பிறகு அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான், பேச ஆரம்பித்தான். அதே கீச்சுக் குரல்தான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தான். வாத்தியார் பாடம் வாசிக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தது, பெண் பார்க்கப் போன வீட்டில் சிரித்தது, கனிராஜ் ஸ்பீக்கரில் சிரித்தது, அப்புறம் ஒரு கண்ணாடி அறையில் ஒருவர் சிரித்தது. பவுன்ராஜ் குறுக்கே பேசவில்லை. மன்னிப்புக்கூட நடுவில் புகுந்து கேட்கவில்லை. அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டம் வந்துவிட்டது. கடைக்காரர் கல்லாவிலிருந்து கூப்பிட்டார். அருள்தாஸ் எழுந்தான்.

"திரும்ப அங்க வர்றியாப்பா?" என்று கேட்டார் பவுன்ராஜ். "கனிராஜ் இப்ப உங்க பிரிவுல இல்ல."

"யோசிக்கணும் அண்ணாச்சி."

"சரி. யோசி." தயங்கினார். மனது கேட்கவில்லை. "மார்க் எவ்வளவுப்பா?"

அருள்தாஸ் முதல் தடவையாகச் சிரித்தான். "நான் இன்னும் சொல்லி முடிக்கல அண்ணாச்சி. நாளைக்கும் வாங்க" என்றான்.

மறுநாள் சாயங்காலம் பவுன்ராஜ் சொன்னபடி வந்தார். கக்கத்தில் அந்த மெத்தை இருந்தது. அதைப் பெஞ்சில் ஆணி இருந்த பக்கமாகப் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.